கபடி கிரவுண்டில் ஒரு காலேஜ் சீட்டு

நீண்ட இழை இது. டீ கையில இருந்தா நல்லது. வீட்டுல விளையாடுற பொண்ணோ பையனோ இருந்தா கடைசி வரைக்கும் படிச்சிருங்க.

மே மாசம் வந்துட்டா பாப்பிரெட்டிப்பட்டியில என்னோட ஓ.பி.க்கு ஒரு தனிக் கூட்டம் வரும். காய்ச்சல் கிடையாது, சளி கிடையாது. பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளைங்க. முட்டியில பழைய சிராய்ப்புத் தழும்பு, கையில பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள லேமினேட் பண்ணின சர்டிபிகேட்டுங்க.

"மேடம், ஃபிட்னெஸ் எழுதிக் குடுங்க மேடம். காலேஜ் செலக்‌ஷனுக்குப் போறேன்."

கூட அம்மா நிப்பாங்க. மரவள்ளிக் காட்டு வேலையோ நூறு நாள் வேலையோ, அன்னிக்குக் கூலி போச்சு. மறுநாள் பொம்மிடியிலயோ மொரப்பூர்லயோ ரயில் ஏறி சென்னை போகணும். இல்லன்னா மஞ்சவாடி கணவாய் வழியா பஸ்ல சேலம் போய் அங்கிருந்து கோயம்புத்தூர். அம்மாவுக்கும் டிக்கெட், பொண்ணுக்கும் டிக்கெட். ராத்திரி எங்க தங்குறதுன்னு கேட்டா, "யாராச்சும் தெரிஞ்சவங்க இருப்பாங்க" அப்படின்னு ஒரு பதில் வரும்.

அங்க போனா என்ன நடக்கும்? இருநூறு பிள்ளைங்க வரிசையில நிப்பாங்க. ஒவ்வொருத்தருக்கும் சில நிமிஷம். முந்தின நாள் ராத்திரி தூங்காத, காலையில சரியா சாப்பிடாத நம்ம பொண்ணு அந்தச் சில நிமிஷத்துல தன்னைக் காட்டியாகணும்.

நான் எம்.பி.பி.எஸ். படிச்ச சாதாரண டியூட்டி டாக்டர். எலும்பு ஸ்பெஷலிஸ்ட் இல்ல, ஸ்போர்ட்ஸ் மெடிசின் படிக்கல. ஆனா ஸ்கூல் போட்டிக்கு மெடிக்கல் டீம் கேட்டா பெரும்பாலும் அனுப்பப்படுற ஆள் நான்தான். கோட்டுக்கு வெளிய ஒரு நாற்காலி, ஒரு முதலுதவிப் பெட்டி, ஒரு ஸ்டாஃப் நர்ஸ், வெளிய ஆம்புலன்ஸ். அங்க உட்கார்ந்து வருஷக்கணக்கா பார்த்ததுல எனக்குள்ள தங்கிப்போன ஒரு விஷயத்தைத்தான் எழுதுறேன். நம்ம ஊர்ல ஒரு போட்டியை எப்படி நடத்துறோம்ங்கிறது, ஒரு பொண்ணு காலேஜுக்குப் போறாளா கல்யாண மேடைக்குப் போறாளாங்கிறதையே மாத்திடுது.

மிகைப்படுத்தலன்னு தோணும். தருமபுரி மாவட்டத்துல லேபர் வார்டு டியூட்டி பார்த்தவங்களைக் கேளுங்க. பதினெட்டு முடியாத பொண்ணு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வர்றதும், நாங்க சட்டப்படி போலீசுக்குத் தகவல் குடுக்கிறதும், அவ அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு "வேண்டாம் சாமி"ன்னு அழறதும் இங்க அபூர்வம் இல்ல. பிளஸ் டூ ரிசல்ட்டுக்கும் காலேஜ் அட்மிஷனுக்கும் நடுவுல இருக்கிற ஒரு மாசம்தான் எங்க ஊர்ல மாப்பிள்ளை பார்க்கிற சீசன். அந்த மாசத்துல கையில ஒரு அட்மிஷன் கார்டு இருந்தா பேச்சு தள்ளிப்போகும். இல்லன்னா போகாது.

சரி, விளையாட்டுல காலேஜ் சீட்டு எப்படி வருது? ரெண்டு வாசல் இருக்கு.

ஒண்ணு சர்டிபிகேட் வாசல். தமிழ்நாட்டுல இன்ஜினியரிங் கலந்தாய்வுல விளையாட்டுக்கு 500 இடம் ஒதுக்கியிருக்காங்க. எம்.பி.பி.எஸ்.ல வெறும் 7. அதுக்கும் நீட் தேர்ச்சி வேணும். அரசு வேலையிலயும் விளையாட்டுக்கு 3 சதவீதம் உண்டு. இங்கெல்லாம் உங்க பிள்ளை எவ்வளவு நல்லா ஆடுறாங்கிறதை யாரும் நேர்ல பார்க்கப் போறதில்ல. எந்த மட்டத்துப் போட்டியில, யாருக்காக ஆடினா, அதை நடத்தினவங்க அங்கீகாரம் உள்ளவங்களாங்கிறதுதான் கணக்கு. நம்ம ஸ்கூல் போட்டி குறுவட்டம், வருவாய் மாவட்டம், மண்டலம், மாநிலம்னு படிப்படியா போகும். அதுக்கு மேல போய் தமிழ்நாட்டு டீம்ல தேசியப் பள்ளி விளையாட்டுக்குப் போனாத்தான் அந்தக் காகிதத்துக்கு உண்மையான எடை வரும். குறுவட்டத்துலயே தோத்தவளுக்கு இந்த வாசல் மூடியாச்சு.

இந்த வாசலைப் பத்தி ஒரு சின்ன புலம்பல். ரொம்பப் பேர் ஆடாத விளையாட்டாப் பார்த்து பிள்ளையைச் சேர்த்துவிட்டு, போட்டி குறைவா இருக்கிற இடத்துல சர்டிபிகேட் வாங்குற பெற்றோர் நகரத்துல இருக்காங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், சட்டப்படிதான் செய்யுறாங்க. ஆனா ஊரே கபடி ஆடுற ஊர்ல பொறந்தவளுக்கு அந்த வசதி இல்ல. அவளுக்கு முன்னாடி எப்பவும் நூறு பேர் நிக்கிறாங்க.

ரெண்டாவது வாசல் செலக்‌ஷன். தனியார் காலேஜுங்க, தன்னாட்சிக் காலேஜுங்க தங்களோட டீமுக்கு ஆள் எடுக்கிறது. நல்லா ஆடினா ஃபீஸ் இல்ல, சில இடத்துல ஹாஸ்டலும் சாப்பாடும் சேர்த்தே இலவசம். பதிலுக்கு அந்தக் காலேஜுக்காக யுனிவர்சிட்டிப் போட்டியில ஆடணும். நம்ம ஊர்ப் பிள்ளைங்களுக்கு நிஜமா திறந்திருக்கிற வாசல் இதுதான். இதுக்கு மாநில மெடல் கட்டாயம் இல்ல. விஷயம் தெரிஞ்ச ஒரு ஆள் அவ ஆடுறதைப் பார்த்தா போதும்.

பார்த்தா போதும். ஆனா யார் பார்க்கிறா?

மாரியப்பன் தங்கவேலுவை எடுத்துக்கோங்க. நமக்குப் பக்கத்து சேலம் மாவட்டம், பெரியவடகம்பட்டி. ரியோ 2016 பாராலிம்பிக்ல உயரம் தாண்டுதல்ல தங்கம், 1.89 மீட்டர். அவர் தாவுறதை முதல்ல பார்த்துத் தட்டிக்குடுத்தது ஸ்கூல் பி.டி. சார். அப்புறம் 2013-ல தேசிய பாரா தடகளப் போட்டியில பயிற்சியாளர் சத்யநாராயணா கண்ணுல பட்டார். அங்கதான் கதை திரும்புச்சு. திறமை அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு, அது தெரிஞ்ச ஒரு கண்ணு அன்னிக்கு அந்த மைதானத்துல இருந்துச்சு, அவ்வளவுதான். கிரிக்கெட் நடராஜன் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பால்ல யார்க்கர் போட்டுக்கிட்டு இருந்த வருஷங்களைக் கணக்குப் போடுங்க. இந்தியாவுக்கு ஆடும்போது அவருக்கு 29 வயசு. பத்து வருஷம் முன்னாடி யாராவது பார்த்திருந்தா?

இப்ப நம்ம ஊர்ப் போட்டிக்கு வாங்க.

பதினாறு டீம் வருதுன்னு வைங்க. நாக் அவுட். மொத்தம் 15 மேட்ச். பெண்கள் கபடி ஒரு பாதி 15 நிமிஷம், ரெண்டு பாதி, நடுவுல 5 நிமிஷம். டைம் அவுட், அப்பீல், அம்பயர்கிட்ட சண்டை எல்லாம் சேர்த்து ஒரு மேட்ச்சுக்கு 45 நிமிஷம் வைங்க. ரெண்டு கோர்ட் போட்டா ஆறு மணி நேரத்துக்குள்ள கப்பைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம். நடத்துறவங்களுக்கு ரொம்ப வசதி. ஒரே நாள் சாப்பாடு, ஒரே நாள் பந்தல், ஒரே நாள் மைக் செட்.

ஆனா அந்தப் பதினாறுல எட்டு டீம் ஒரே ஒரு மேட்ச் ஆடிட்டு கிளம்பிடும். காலையில அஞ்சு மணிக்கு சித்தேரி மலையில இருந்து இறங்கி வந்த டீமை வெறும் அரை மணி நேரம் பார்த்திருக்கோம். அதுவும் காலையில 9 மணிக்கு, எந்தக் காலேஜ் ஆளும் இன்னும் வந்து சேராத நேரத்துல. மறுபக்கம், ஃபைனலுக்குப் போற டீம் ஒரே நாள்ல நாலு மேட்ச் ஆடும். நாலாவது மேட்ச்ல அந்தப் பிள்ளைங்க ஆடுறது கபடி இல்ல, களைப்பு.

இதையே இப்படிப் பண்ணிப் பாருங்க. பதினாறு டீமை நாலு குரூப்பா பிரிச்சா, குரூப்புக்கு ஆறு மேட்ச், மொத்தம் 24. நாலு குரூப்லயும் முதல் இடம் வந்தவங்களுக்கு ரெண்டு செமி, ஒரு ஃபைனல். ஆகமொத்தம் 27 மேட்ச். ரெண்டு கோர்ட்ல சுமார் பத்து மணி நேரம். ரெண்டு நாளாப் பிரிச்சா ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம்தான். காலையில ஆறரையில இருந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலுல இருந்து ஆறரை. வெயில் உச்சியில யாரும் மைதானத்துல நிக்க வேண்டியதில்ல. எல்லா டீமும் குறைஞ்சது மூணு மேட்ச் ஆடியிருக்கும். மோசமான ஒரு பாதியால எந்தப் பொண்ணோட வருஷமும் முடிஞ்சுபோகாது.

"ரெண்டாவது நாள் செலவு யார் தர்றது டாக்டர்?" நியாயமான கேள்வி. ஆம்பளைங்க மின்னொளி கபடிக்கு பொங்கல்ல எவ்வளவு வசூலாகுதுன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். முதல் பரிசு, ஆறடிக் கோப்பை, பேனர்ல முப்பது தலைவருங்க போட்டோ. அந்த பேனர் காசுல பாதி போதும்.

போன வருஷம் நான் டியூட்டி பார்த்த ஒரு போட்டியைச் சொல்றேன். எந்த ஊர், நடத்தினது யாருன்னு சொல்லப் போறதில்ல. அவங்க கெட்டவங்க இல்ல. எல்லாரும் நடத்துற மாதிரிதான் நடத்தினாங்க.

காலையில முதல் மேட்ச்லயே ஒரு பொண்ணு என் கண்ணுல பட்டா. பிளஸ் டூ. ஒல்லி. ரெய்டு போனா பாம்பு நுழையுற மாதிரி நுழைஞ்சு வெளிய வருவா. எனக்குக் கபடி அவ்வளவா தெரியாது, நான் ஸ்கூல்ல கோ-கோவுல சப்ஸ்டிட்யூட்டா உட்கார்ந்தே மூணு வருஷம் ஓட்டின ஆள். எனக்கே தெரிஞ்சது இவ வேற ரகம்னு. பாயின்ட் மேல பாயின்ட். பார்த்தது யாருன்னா நான், என் நர்ஸ், பந்தல்காரர், எதிர் டீம்.

ரெண்டாவது மேட்ச் பதினொன்றரைக்கு. ரெய்டுல திரும்பும்போது ஒருத்தி கணுக்காலைப் பிடிச்சா, இவ முட்டி உள்பக்கமா மடங்குச்சு. "டக்னு ஒரு சத்தம் கேட்டுச்சு மேடம்" அப்படின்னா. எழுந்து நொண்டிக்கிட்டே போய் அந்த மேட்ச்சை முடிச்சும் குடுத்தா. ஜெயிச்சாங்க. ஒரு மணிக்குள்ள முட்டி வீங்கிப்போச்சு.

முட்டியில டக்னு சத்தம், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வீக்கம், ஊன்றினா முட்டி நழுவுற மாதிரி இருக்கிறது. இந்த மூணும் சேர்ந்து வந்தா எங்களுக்கு முதல்ல தோணுறது ஏ.சி.எல். அதாவது முட்டிக்குள்ள குறுக்கா ஓடுற தசைநார் கிழிஞ்சு உள்ள ரத்தம் சேருது. பொண்ணுங்களுக்கு இந்தக் காயம் ஆம்பளைப் பசங்களைவிட அதிகமா வரும். இடுப்பு அமைப்பு, குதிச்சு ஊன்றும்போது முட்டி உள்நோக்கி மடங்குற விதம், தொடைத் தசையோட பலம்னு காரணங்கள் நிறைய. முட்டியைச் சோதிச்சுப் பார்த்தேன். சந்தேகம் உறுதியாச்சு. "இன்னிக்கு இதோட போதும் கண்ணு"ன்னேன்.

அவ அழல. ரொம்ப நிதானமா சொன்னா. "மேடம், செமி ஃபைனலுக்கு காலேஜ்ல இருந்து சார் வர்றாங்களாம். பி.டி. சார் சொன்னாரு. ஒரு கிரேப் பேண்டேஜ் சுத்தி விடுங்க, அரை மணி நேரம்தான். நான் இன்னிக்கு ஆடலைன்னா வூட்ல கட்டிக் குடுத்துருவாங்க மேடம்."

இந்த மாதிரி வார்த்தைக்கு எந்தப் புத்தகத்துலயும் மருந்து எழுதியில்ல. கிழிஞ்ச ஏ.சி.எல்.லோட ஒரு ரெய்டு போனா உள்ள இருக்கிற மெனிஸ்கஸ்னு சொல்ற ஜவ்வும் சேர்ந்து கிழியும். அது போனா முப்பது வயசுல மாடிப்படி ஏற முடியாது. முடியாதுன்னுட்டேன். கால்ல ஸ்பிளின்ட் கட்டி நாற்காலியில உட்கார வச்சேன். அவங்க பி.டி. சார் என்கிட்ட ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல. அந்தாளுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு.

அந்தக் காலேஜ் சார் வந்தாரா? வந்தார். ரெண்டரை மணிக்கு. செமி ஃபைனல் ரெண்டு மணிக்குன்னு அவர்கிட்ட சொல்லியிருந்தாங்க. ஆனா சிறப்பு விருந்தினர் வர லேட்டாகி, பரிசளிப்பை நடுவுலயே வச்சு, பொன்னாடை போர்த்தி, பேசி முடிக்க நாலே கால் ஆச்சு. அவருக்கு சேலத்துல வேற வேலை. நாலு மணிக்குக் கிளம்பிட்டார். போற வழியில என்கிட்ட ஒரு பாராசிட்டமால் வாங்கிக்கிட்டுப் போனார். "நல்ல ரெய்டர் யாராச்சும் இருக்காங்களா மேடம், நீங்க காலையில இருந்து பார்க்கிறீங்களே" அப்படின்னு கேட்டார். ஸ்பிளின்ட் கட்டின பொண்ணைக் காட்டினேன். "முட்டியா?" அப்படின்னு மட்டும் கேட்டார்.

காலையில அவ ஆடின ஆட்டத்துக்கு ஒரு நிமிஷ வீடியோகூட யார்கிட்டயும் இல்ல. மைதானத்துல நூறு செல்போன் இருந்திருக்கும். எல்லாத்துலயும் சிறப்பு விருந்தினர் இருந்தார்.

இப்ப ஒரு நிமிஷம் அமெரிக்கா போயிட்டு வருவோம். அங்க பொண்ணுங்க சாஃப்ட்பால் ஆடுவாங்க. 1887-ல சிகாகோவுல உள்ளரங்கத்துல விளையாட்டா ஆரம்பிச்ச ஆட்டம், பேஸ்பாலுக்குத் தங்கச்சி. நம்ம தேசியப் பள்ளி விளையாட்டுகள்லயும் சாஃப்ட்பால் இருக்கு, ஆனா எங்க ஊர்ல கேட்டா யாருக்கும் தெரியாது. 1972-ல அங்க ஒரு சட்டம் வந்துச்சு, டைட்டில் நைன். மத்திய அரசுக் காசு வாங்குற கல்வி நிறுவனம் எதுவும் பொண்ணுங்களை ஒதுக்கக் கூடாது, விளையாட்டு உட்பட. அதுக்கப்புறம் காலேஜுங்க பெண்கள் டீமுக்கு ஸ்காலர்ஷிப் வச்சுக்கிட்டு ஆள் தேட ஆரம்பிச்சாங்க. இப்ப காலேஜ் கோச்சுங்க பார்க்கிறதுக்காகவே தனியா சாஃப்ட்பால் போட்டி நடத்துறாங்க.

அங்க கப்பு முக்கியமே இல்ல. தோத்தாலும் அடுத்த ஆட்டம் உண்டு, ஒவ்வொரு டீமுக்கும் இத்தனை ஆட்டம்னு முன்கூட்டியே உறுதி குடுத்துடுறாங்க. கோச்சு கையில ஒரு தாள் இருக்கும். பொண்ணு பேரு, ஜெர்ஸி நம்பர், எந்த இடத்துல ஆடுறா, எந்த வருஷம் ஸ்கூல் முடிக்கிறா, மார்க் என்ன. எந்த மைதானத்துல எத்தனை மணிக்கு ஆடுறாங்கிறது முன்னாடியே தெரியும். அந்த நேரத்துக்கு அந்த ஆட்டம் தொடங்கும்.

அங்கயும் எல்லாம் தேன் இல்ல. பெத்தவங்க ஊர் ஊரா பணத்தைக் கொட்டுறாங்க, காசில்லாதவங்க பிள்ளை காணாமப் போகுது. பதிமூணு பதினாலு வயசுப் பிள்ளைங்களையே காலேஜுங்க வாய்மொழியா வளைச்சுப் போட்டு, அது அசிங்கமாகி, 2018-ல ஒரு விதி கொண்டு வந்தாங்க. பதினோராம் வகுப்பு செப்டம்பர் 1-க்கு முன்னாடி கோச்சுங்க சேர்க்கை பத்திப் பேசவே கூடாது. இன்னொண்ணு, கீழ்க்கையால வீசுறதால தோளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி, நல்லா வீசுற பொண்ணை வாரக்கடைசியில ஆட்டத்துக்கு ஆட்டம் இறக்கி, தோள் வலியோட அனுப்புறதும் அங்க நடக்குது. பார்க்கப்படுறதுக்காக உடம்பைப் பணயம் வைக்கிறது எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

நமக்கு அவ்வளவு பணம் வேண்டாம். அந்தத் தாளை மட்டும் காப்பி அடிக்கலாம்.

ஒரு ஜெராக்ஸ் தாள். டீம் பேரு, பொண்ணு பேரு, சட்டை நம்பர், வகுப்பு, ரெய்டரா கார்னரா கவரா. பொண்ணோட செல் நம்பரைப் போடவே போடாதீங்க. பி.டி. சார் நம்பர், இல்லன்னா ஹெச்.எம். நம்பர் போதும். பெண் பிள்ளைங்க நம்பர் மைதானத்துல தாளாப் பறக்கக் கூடாது, அதனால வர்ற தொல்லையை ஓ.பி.ல நாங்க பார்க்கிறோம். அப்புறம் சட்டை நம்பர். ஒரே ஜெர்ஸியை ரெண்டு பேர் மாத்திப் போட்டுக்கிட்டு ஆடுறதும், மார்க்கர்ல எழுதின நம்பர் வியர்வையில அழிஞ்சுபோறதும் சாதாரணமா நடக்குது. பார்க்கிற ஆள் "அந்த ஏழாம் நம்பர் யாரு"ன்னு கேட்டா, பதில் சொல்ல மைதானத்துல ஒரு ஆளும் இருக்காது.

வீடியோவுக்கு ஒரு செல்போன், ஒரு ஸ்டாண்ட், கோர்ட்டோட கடைசிக் கோட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் உயரத்துல. பெத்தவங்க சம்மதம் எழுதி வாங்கிக்கிட்டு எடுங்க. முழு மேட்ச்சும் வேணும். ரெண்டு நல்ல ரெய்டை மட்டும் வெட்டிப் பாட்டுப் போட்டு அனுப்புனா எந்தக் கோச்சும் நம்ப மாட்டார். தோத்த ரெய்டுக்கு அப்புறம் அவ எப்படித் திரும்பி வர்றாங்கிறதுதான் அவங்களுக்கு வேணுமாம். இதை எனக்குச் சொன்னதும் அந்த பாராசிட்டமால் சார்தான்.

மாதம் முக்கியம். பொதுத்தேர்வு மார்ச்ல. செலக்‌ஷன் பெரும்பாலும் அதுக்கப்புறம் கோடையில. ஜனவரிக்குள்ள நம்ம ஊர்லயே ஒரு ரெண்டு நாள் போட்டி வச்சு, சேலம், நாமக்கல், கோவை பக்கத்துக் காலேஜ் உடற்கல்வி இயக்குனர்களுக்கு ஒரு மாசம் முன்னாடியே தேதியும் நேரமும் எழுதிப் போட்டா, இருபது அம்மாக்களோட சென்னை டிக்கெட் மிச்சம். பத்து லெட்டர் போட்டா ரெண்டு பேர் வருவாங்க. ரெண்டு பேர் போதும். சிறப்பு விருந்தினர் அவங்களா இருக்கட்டும், பொன்னாடையை அவங்களுக்குப் போர்த்துங்க.

இனி என் துறை. சுருக்கமா சொல்லிடறேன்.

வெயில்ல மயங்கி விழுற பிள்ளை, உடம்பு நெருப்பா கொதிச்சு, பேச்சு குழறினா அது வெறும் மயக்கம் இல்ல, வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்காதீங்க. நிழல்ல போட்டு ஐஸ் தண்ணியை உடம்பு முழுக்க ஊத்துங்க. குளிர வைக்கிறது முதல், வண்டியில ஏத்துறது ரெண்டாவது. வாயில தண்ணி ஊத்தாதீங்க.

ரத்தசோகை. தமிழ்நாட்டுல வளரிளம் பெண்கள்ல பாதிக்குப் பாதி பேருக்கு இருக்கு. ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை குடுக்கிறாங்களே, அதை ஜன்னல் வழியா வீசாம சாப்பிடச் சொல்லுங்க. "ஸ்டாமினா இல்ல"ன்னு திட்டு வாங்குற பொண்ணுக்கு முதல்ல ஹீமோகுளோபின் பாருங்க, அரசு ஆஸ்பத்திரியில இலவசம். ஒன்பது கிராம் ரத்தத்தோட நாலு மேட்ச் ஆடுற பொண்ணுக்கு ஸ்டாமினா இல்லன்னு சொல்ல நமக்கு வாய் வரக் கூடாது.

கழிப்பறை. தாழ்ப்பாள் போட்ட, தண்ணி வர்ற கழிப்பறை. அது இல்லாத மைதானத்துல பொண்ணுங்க காலையில இருந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. அந்த வெயில்ல. நாப்கின் ஒரு பெட்டி பந்தல்லயே இருக்கணும், யார்கிட்டயும் கேக்காம எடுத்துக்கிற மாதிரி.

முட்டி. மேட்ச்சுக்கு முன்னாடி ஓடி, தாண்டி, ஒத்தைக் கால்ல பேலன்ஸ் பண்ணி, சரியா ஊன்றப் பழகுற இருபது நிமிஷ வார்ம் அப் இருக்கு. கால்பந்துக்காக உருவாக்கினது. நார்வேயில இளம் பெண்கள் டீம்கள்ல பரிசோதிச்சு 2008-ல முடிவு வெளியிட்டாங்க, காயங்கள் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்துச்சு. பைசா செலவில்ல. அடிபட்டு வீங்கின முட்டியை எண்ணெய் போட்டு நீவி விடாதீங்க, தயவுசெஞ்சு.

வயசுச் சான்று கேட்டு எங்ககிட்ட வருவாங்க. மணிக்கட்டு எக்ஸ்-ரே வச்சு வயசைத் துல்லியமா சொல்ல முடியாது, ஒண்ணு ரெண்டு வருஷம் முன்ன பின்ன ஆகும். பிறப்புச் சான்றிதழ்தான் சான்று. வயசைக் குறைச்சுக் காட்டி ஒரு பொண்ணை ஆட வச்சா, இன்னொரு பொண்ணோட இடம் போகுது.

இன்னொண்ணு, பெத்தவங்களுக்கு. "நான் சீட்டு வாங்கித் தர்றேன், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுங்க"ன்னு யாராவது கேட்டா குடுக்காதீங்க. சரிபார்த்துட்டு ஒரிஜினலைத் திருப்பித் தரணும், பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு காலேஜுங்களுக்கே யு.ஜி.சி. 2018-ல சொல்லியாச்சு. ஹாஸ்டல் இலவசம், ஃபீஸ் இலவசம்னு வாயால சொன்னதை எழுத்துல வாங்குங்க. பொண்ணுக்கு அடிபட்டு ஒரு வருஷம் ஆட முடியாமப் போனா அந்தச் சலுகை தொடருமான்னு அப்பவே கேளுங்க. கேக்கிறதுக்குக் கூச்சப்படாதீங்க. அந்தக் கேள்விக்குத் தயங்காம பதில் சொல்ற காலேஜ்தான் நல்ல காலேஜ்.

அந்தப் பொண்ணு என்ன ஆனான்னு கேப்பீங்க.

எம்.ஆர்.ஐ.ல ஏ.சி.எல். முழுசா கிழிஞ்சிருந்துச்சு, ஜவ்வு தப்பிச்சது. காப்பீட்டுத் திட்டத்துல ஆபரேஷன் ஆச்சு. செலக்‌ஷன் எதுக்கும் போகல. மார்க்கை வச்சு ஒரு அரசுக் கல்லூரியில சேர்ந்தா. அரசுப் பள்ளியில ஆறாம் வகுப்புல இருந்து படிச்சவ, அதனால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1000 ரூபா வருது. அவ அப்பா மாப்பிள்ளை பேச்சை எடுக்கல. இதுவரைக்கும். அந்த 1000 ரூபாதான் காரணமா, நொண்டுற பொண்ணுக்கு யார் வருவாங்கன்னு நினைச்சாரான்னு எனக்குத் தெரியல, கேக்கவும் மனசு வரல.

இப்ப ஏழாவது மாசம். பிசியோதெரபிக்கு வரும்போது எட்டிப் பார்த்துட்டுப் போவா. "யுனிவர்சிட்டி டீம் செலக்‌ஷனுக்கு ஃபிட்னெஸ் எழுதித் தருவீங்களா மேடம்?" ஒன்பது மாசம் முடியாம கிரவுண்டுக்குத் திரும்பினா மறுபடி கிழியுற வாய்ப்பு கூடும். ரெண்டு காலோட பலமும் கிட்டத்தட்ட சமமாகணும். அதுவரைக்கும் என் பேனா எழுதாதுன்னு சொல்லியிருக்கேன். மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போறா. போகட்டும்.

இந்தப் பொங்கலுக்கு உங்க ஊர்ல பெண்கள் மேட்ச் நடத்தப் போறீங்கன்னா, தேதி குறிக்கும்போதே பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் குடுத்துருங்க. முந்தின நாள் ராத்திரி போன் பண்ணாதீங்க, டியூட்டி மாத்துறது கஷ்டம். ஐஸ் பெட்டியும் அந்த ஜெராக்ஸ் தாளும் நீங்க கொண்டு வாங்க. மத்தது நாங்க கொண்டு வர்றோம்.